குளம் வற்றும்போது வாருங்கள்

மறுகால் பாயும் குளத்தைப் பார்க்க ஊரே கூடும். கார்த்திகையில் அடைமழை பெய்து, கரை தளும்பத் தண்ணீர் நிற்கும்போது யாருக்குத்தான் மனம் நிறையாது? எனக்கும் நிறையும். ஆனால் எனக்குக் குளத்தின்மேல் பித்துப் பிடிப்பது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான். தை பிறந்து, பிசானப் பருவ நெல்லுக்காக மடையைத் திறந்து திறந்து தண்ணீர் இறங்கி, கரையடியில் சேறு வெளியே தெரியத் தொடங்குகிறதே, அந்த நாட்களுக்காக நான் வருடம் முழுக்கக் காத்திருக்கிறேன். முதலில் ஒரு முழ அகலத்துக்குக் கறுப்பாக ஒரு விளிம்பு தெரியும். அடுத்த வாரம் அது பத்தடி ஆகும். மாசி பிறப்பதற்குள் ஒரு மைதானமே விரிந்துவிடும். வழியில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சேறுதான் திருநெல்வேலிச் சீமையிலேயே மிக அழகான இடம் என்று நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

எங்கள் குளம் பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறது. பாளையங்கால் தண்ணீர் வந்து நிறைகிற பல குளங்களில் ஒன்று. அதற்குச் சரணாலயப் பலகை கிடையாது, பார்வைக் கோபுரம் கிடையாது, நுழைவுச் சீட்டும் கிடையாது. தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளிலிருந்து பிரிந்து ஓடும் கால்வாய்கள் இப்படி எத்தனையோ குளங்களைப் பெருக்கிக்கொண்டு போகின்றன. நயினார்குளம் நெல்லை டவுனுக்குள்ளேயே இருக்கிறது. வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தை ஒட்டிக் கிடக்கிறது. பேருந்துக்கு அரை மணி நேரம் இருந்தால்கூடப் போதும், எட்டிப் போய் நாமக்கோழிகளையும் நீலத் தாழைக்கோழிகளையும் பார்த்துவிட்டு வந்து ஏறலாம். இந்த வசதி எந்த ஊருக்கு வாய்க்கும்!

குளம் நிறைந்திருக்கும்போது அது நீந்துகிற பறவைகளுக்கும் முக்குளிக்கிற பறவைகளுக்கும் சொந்தம். தண்ணீர் இறங்கும்போதுதான் நடக்கிற பறவைகளுக்கு இடம் கிடைக்கிறது. நாரைக்கும் கொக்குக்கும் உள்ளானுக்கும் வாழ்க்கை முழுவதும் கால் நீளத்தை வைத்துத்தான். கரையில் உட்கார்ந்து வறண்ட மண்ணிலிருந்து ஆழத்தை நோக்கி மெல்லக் கண்ணை நகர்த்திப் பாருங்கள். பறவைகளின் கால் நீண்டுகொண்டே போவது தெரியும். நான் முதன்முதலில் இதைக் கண்டுகொண்ட காலையில் கரையில் எழுந்து நின்று கைதட்டினேன்.

காய்ந்து பொருக்கு வெடித்த மண்ணில் பட்டாணி உப்புக்கொத்தி ஓடும். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், கழுத்தில் ஒரு கறுப்புப் பட்டை. குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். அது கண்ணால் வேட்டையாடுகிற பறவை. தலைக்குப் பொருந்தாத அளவு பெரிய கண். அதற்கு நாலடி தள்ளி, ஈரம் மின்னுகிற சேற்றில், தலையைத் தூக்காமலே குத்திக் குத்தி நகர்கிறதே, அது கொசு உள்ளான். கணுக்காலளவு நீரில் பொறி உள்ளான் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும். அதையும் தாண்டினால் பச்சைக்காலி. இன்னும் உள்ளே, வயிறு நனையும் ஆழத்தில், நீண்டு நேரான அலகை முகம் வரைக்கும் சேற்றுக்குள் இறக்கும் கருவால் மூக்கன். இந்த உள்ளான் கூட்டத்துக்குக் கண்ணைவிட அலகின் நுனிதான் முக்கியம். சேற்றுக்குள் புழு நெளிவதை அந்த நுனி தொட்டே அறிந்துகொள்ளும். அதற்குமேல் ஒரு வித்தை உண்டு. சேற்றில் புதைந்திருக்கும் முழு அலகையும் திறக்காமல், நுனியை மட்டும் விரித்து இரையைப் பிடிக்கக்கூடியவை இவற்றில் பல. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு கருவால் மூக்கன் ஒவ்வொரு முறை முகத்தை அமிழ்த்தும்போதும் எனக்கு மூச்சு நின்று போகிறது. உள்ளே, இருட்டில், அந்த நுனி இப்போது திறக்கிறது!

பிறகு நெடுங்கால் உள்ளான். ரோஜா நிறத்தில் அவ்வளவு நீளமான கால்களை வைத்துக்கொண்டு அது நடக்கிற நடையைப் பார்த்தால் வைத்த கண்ணை எடுக்க முடியாது. பறக்கும்போது கால்கள் வாலைத் தாண்டிப் பின்னால் நீண்டு கிடக்கும். கூட்டமாகக் கிளம்பிக் கீச்சுக் குரலில் குளத்தையே அதட்டிவிட்டு, அதே இடத்தில் வந்து இறங்கும். வருடம் முழுக்க நம்மோடு இருக்கும் பறவை இது. கோடையில் குளத்து நடுத்திட்டில் தரையிலேயே முட்டையிடும். சித்திரை வெயிலில் முட்டை வெந்துவிடாதபடி, தாயும் தகப்பனும் மாறி மாறித் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். ஆள்காட்டியும் இதையே செய்யும். ஒரு பறவை நனைந்த வயிற்றோடு ஓடி வந்து இறகைப் பரப்பி அடைகாப்பதைத் தொலைநோக்கியில் பார்த்தவர்கள் அதை வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். நான் மறக்கவில்லை.

கொசு உள்ளானைப் பற்றி இன்னும் சொல்லியாக வேண்டும். எடை ஏறக்குறைய 25 கிராம். ஒரு எலுமிச்சம்பழம் அதைவிடக் கனக்கும். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் வட்டாரத்தின் தூந்திரவெளியில், கோடையில் சூரியன் மறையாத பூமியில். அங்கே குளிர் திரும்பும்முன் புறப்பட்டு, ஆசியாவைக் குறுக்கே கடந்து, புரட்டாசி வாக்கில் நம் பக்கத்துக் குளங்களிலும் உப்பளங்களிலும் இறங்குகிறது. பெரியவை முதலில் புறப்பட்டுவிடும். அந்த வருடம் பிறந்த குஞ்சுகள் பின்னால், தாய் தகப்பன் துணையில்லாமல், ஒருமுறைகூடப் பார்த்திராத வழியில் தாமாகவே வந்து சேரும். அப்படி வந்த ஒன்று, தாமரைக்கொடி காய்ந்து கிடக்கும் என் ஊர்ச் சேற்றில், நான் உட்கார்ந்திருக்கும் கல்லுக்குப் பத்தடி தூரத்தில் புழு தேடுகிறது. இதைவிடப் பெரிய அதிசயத்தை எந்த ஊர் வைத்திருக்கிறது? பங்குனி கடைசியில் அது திரும்பக் கிளம்பும். அதற்கு முன்பே சிலவற்றின் முதுகிலும் கழுத்திலும் செம்மை படரும். சாம்பல் நிறமாகவே பார்த்துப் பழகிய கருவால் மூக்கனின் மார்புகூடச் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும். வடக்கே நடக்கப்போகும் கல்யாணத்துக்கு இங்கேயே உடுத்திக்கொள்கின்றன!

இப்போது கொக்குகள். மடையானிலிருந்துதான் தொடங்க வேண்டும். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். மடைவாயில் பழுப்பும் கோடுமாக, காய்ந்த கோரையோடு கோரையாக நிற்கும். நாம் அடுத்த அடி வைக்கிற வரைக்கும் அங்கே பறவை இருப்பதே தெரியாது. வைத்தோமோ, வெள்ளைவெளேரென்று ஒரு சிறகடிப்பு! அவ்வளவு வெண்மையையும் இத்தனை நேரம் எங்கே மடித்து வைத்திருந்தது? இறங்கிச் சிறகை மூடியதும் மறுபடி மண்ணோடு மண். இனப்பெருக்க காலத்தில் இதே பறவை முதுகில் அரக்குச் சிவப்புப் போர்வை போர்த்தி, தலையில் நீண்ட வெள்ளைத் தூவிகள் தொங்க, அலகின் அடியில் நீலம் ஏற நிற்கும். யாரும் திரும்பிப் பார்க்காத மடையானா இது என்று பக்கத்தில் நிற்பவரை உலுக்கிக் கேட்கத் தோன்றும்.

போன தையில் ஆடு மேய்க்க வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். "என்னக்கா, தெனமும் வந்து என்னத்த பாக்கீய?" என்றார். தொலைநோக்கியை அவர் கையில் கொடுத்து மடைப்பக்கம் காட்டினேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஏ அப்பா! கண்ணு மஞ்சளால்லா இருக்கு! பொறந்ததுலேருந்து பாக்கேன், இத பாத்ததில்லையே" என்றார். அவர் தம் போக்கில் விட்டதைப் பயன்படுத்தி ஆடுகள் வரப்பேறிவிட்டன. அவர் தொலைநோக்கியை இறக்கவில்லை. அன்று அவர் அடைந்த மகிழ்ச்சி என் மகிழ்ச்சியைவிடப் பெரியது.

குறுந்தொகையில் கபிலர் பாடிய ஒரு பாட்டில், தலைவன் தலைவியைக் களவில் மணந்துகொண்ட வேளையில் அங்கே சாட்சியாக இருந்தது ஒரு குருகு மட்டும்தான். ஓடுகிற நீரில் ஆரல் மீன் பார்த்து நின்ற குருகு அது. அதன் காலைத் தினைப்பயிரின் தண்டோடு ஒப்பிட்டு, மெலிவையும் பசுமையையும் சொல்லிவிடுகிறார். மடையானின் காலைத் தொலைநோக்கியில் பாருங்கள், அதே மங்கிய பச்சை! எத்தனை நாள் நீரோரம் நின்று பார்த்திருந்தால் ஒரு கவிஞர் கண்ணில் காலின் நிறம் விழுந்திருக்கும்? எனக்குக் கபிலர் அன்றிலிருந்து சக பறவை நோக்கர்.

வெள்ளைக் கொக்குகளைப் பிரித்தறிவது தனி இன்பம். எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதே என்று புதிதாக வருகிறவர்கள் தயங்குவார்கள். தயங்கவே வேண்டாம். கறுத்த அலகு, கறுத்த கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. அந்த மஞ்சள் பாதம் வெறும் அழகுக்கு இல்லை. ஒரு காலைச் சேற்றுக்குள் வைத்து கிடுகிடுவென்று அதிர வைக்கும். ஒளிந்திருக்கும் மீனும் இறாலும் பயந்து வெளியே பாயும், அலகு தயாராக இருக்கும். மாட்டுக்குப் பின்னால் வயலில் நடப்பது உண்ணிக்கொக்கு, குட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு. பெருங்கொக்கு எல்லாவற்றையும்விட உயரம். அதன் வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். சின்னக்கொக்குக்கும் பெருங்கொக்குக்கும் நடுவில் நிற்கும் இடைக்கொக்குக்கு அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே முடிந்துவிடும். ஒருமுறை கண்ணுக்குப் பழகிவிட்டால் பிறகு ஓடுகிற பேருந்தின் ஜன்னலிலிருந்தே பெயர் சொல்லிக்கொண்டு போகலாம். நான் சொல்லிக்கொண்டுதான் போகிறேன்.

சாம்பல் நாரை திறந்த வெளியில் நிற்கும். செந்நாரைக்குச் சம்பை மறைவு வேண்டும். நீண்ட விரல்களை மிதக்கும் கொடிகளின்மேல் விரித்து வைத்து, செம்பழுப்புக் கழுத்தைக் கோரைத் தண்டுகளுக்கிடையே நீட்டி, கால் மணி நேரம்கூட அசையாமல் நிற்கும். நான் அதோடு சேர்ந்து நிற்பேன். அது குத்துகிற கணத்தைத் தவறவிடாமல் இருப்பதில் ஒரு போட்டியே எங்களுக்குள் உண்டு. செந்நாரையும் கொக்குகளும் சேர்ந்த இந்தக் குடும்பத்துக் கழுத்தில் ஆறாவது எலும்பு மற்றவற்றைவிட நீண்டு, மடங்குவதற்கென்றே அமைந்திருக்கிறது. கழுத்து வளைந்து நிற்பதும், அம்பாகப் பாய்வதும் அதனால்தான். பறக்கும்போதும் கழுத்தை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டுதான் போகும். மேலே கழுத்தை நேராக நீட்டிப் பறப்பவை வேறு குடும்பம்: நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை. பெயரில் எல்லாம் நாரைதான், வானத்தில் நிழலைப் பார்த்தே வேறுபாடு சொல்லிவிடலாம்.

பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிடாதீர்கள். இன்னும் கால் மணி நேரம் இருங்கள். மற்றவை அடையப் போகிற நேரத்தில் வக்கா வேலைக்குக் கிளம்பும். கரையோர மரங்களில் பகலெல்லாம் குறுகி உட்கார்ந்திருந்தவை ஒவ்வொன்றாக 'குவாக்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் தலைக்குமேல் போகும். வெளிச்சம் இருக்கும்போது ஒன்றையாவது நன்றாகப் பார்த்துவிடுங்கள்: கறுத்த முதுகு, பிடரியில் நூலாக இறங்கும் வெள்ளைத் தூவி, மாணிக்கச் சிவப்பில் கண்.

இவை கூடு கட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் திருப்புடைமருதூருக்குப் போக வேண்டும். தாமிரபரணியும் கடனா நதியும் கூடுகிற இடத்தில், நாறும்பூநாதர் கோயிலை ஒட்டி நிற்கும் ஓங்கிய மருத மரங்களில், மடையானும் வக்காவும் கொக்குகளும் கூடு வைக்கின்றன. ஊர்க்காரர்களே அவற்றைத் தலைமுறையாகக் காத்துவந்தார்கள். அவர்கள் முயற்சியால் 2005 பிப்ரவரி 14 அன்று அந்த இடம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கோயில் மணியும் குஞ்சுகளின் கூச்சலும் ஒன்றாகக் கேட்கும் அந்த மரத்தடியில் எச்சம் விழும் என்று குடை பிடித்துக்கொண்டு நிற்பதுகூட எனக்குப் பேரானந்தம். தெற்கே நாங்குநேரி வட்டாரத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-இல் சரணாலயமானது, பின்னர் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரத்திலேயே குஞ்சு பொரிக்கும். இமயத்தின் அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் வந்து குளிர்காலத்தைக் கழிக்கும். அந்த இரண்டு ஊர்க்காரர்களையும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் அங்கே கூடு வைக்கும் கொக்கு இரை தேடுவது எங்கே? சுற்றிலும் கிடக்கிற சாதாரணக் குளங்களிலும் வயல்களிலும்தான். அதனால்தான் குளத்தை 'அழகுபடுத்துகிறேன்' என்று கரையை நெட்டுக்குத்தாக வெட்டிக் கருங்கல் சுவர் எழுப்பிவிடும்போது என் நெஞ்சு பதறுகிறது. நடைபாதையும் விளக்கும் இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. தூர் வாருவதும் குளத்துக்கு அவசியமே. ஆனால் ஒரு பக்கமாவது சரிவு சாய்வாக இறங்க வேண்டும். தொட்டிபோல வெட்டிய குளத்தில் தண்ணீர் இறங்கினாலும் விளிம்பு விரியாது, சேறு வெளியே வராது. சேறு இல்லையென்றால் உப்புக்கொத்திக்கும் உள்ளானுக்கும் அங்கே கால் வைக்க இடமில்லை. அந்த 25 கிராம் பறவை ஆர்க்டிக்கிலிருந்து வந்து சுவரில் இறங்குமா? ஆகாயத்தாமரை மூடிய நீரும் அதற்கு உதவாது. ஒரு குளத்தில் ஆழமும் வேண்டும், ஆழமில்லாத இடமும் வேண்டும். குளத்தைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொரு கூட்டத்திலும் இதைத்தான் நான் எழுந்து நின்று சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

தாமரையும் அல்லியும் மண்டிய குளம் உங்கள் ஊரில் இருந்தால் கோடை முழுவதும் அதை விடாமல் பாருங்கள். நீளவால் இலைக்கோழி கல்யாணக் கோலத்துக்கு மாறும். முகம் வெள்ளை, பிடரி தங்கம், உடல் கரும்பழுப்பு, பின்னால் வளைந்து நீளும் வால். இலைமேல் விரல்களை அகல விரித்து நடக்கிற நடை! அங்கே பெண் ஒரு ஆணுக்கு முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் தகப்பன் பொறுப்பு. பொரித்த குஞ்சு சீக்கிரமே தாமரை இலைமேல் ஓடப் பழகிவிடும். சேற்று வயலோரம் பதுங்கும் மயில் உள்ளானுக்கும் இதே குடும்ப வழக்கம்தான். அதிலும் பெண்தான் ஆணைவிட நிறம் மிகுந்தது.

பார்க்கப் பெரிய ஆயத்தம் ஒன்றும் வேண்டாம். எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி ஒன்று, ஒரு நோட்டு, க்ரியா வெளியிட்ட ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு'. காலையில் கீழ்க்கரையில் நில்லுங்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறமெல்லாம் பூத்து நிற்கும். மாலையில் மேற்கரை. பறவை இரை பொறுக்குவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டடி பின்னால் வந்து உட்கார்ந்துவிடுங்கள். முதலில் ஆள்காட்டி ஊரைக் கூட்டும். அது அடங்கிய பிறகு குளம் உங்களை ஏற்றுக்கொண்டுவிடும். செல்போன் படத்துக்காக ஓடாதீர்கள், கண்ணால் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள். இபேர்ட் இணையதளத்தில் எண்ணிக்கையைப் பதிந்தால் உங்கள் ஊர்க்குளமும் உலகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். எங்கள் பக்கம் மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணிவருகிறது. கல்லூரிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் குழுவாகப் பிரிந்து குளம் குளமாகப் போவார்கள். முதல்முறை வருகிற பிள்ளை ஒன்று பச்சைக்காலிக்கும் பொறி உள்ளானுக்கும் வேறுபாட்டைத் தானாகக் கண்டுபிடித்துக் கத்துவதைக் கேட்பது, எனக்கு அந்தப் பறவைகளைப் பார்ப்பதற்குச் சமமான சந்தோஷம். எனவே இந்தத் தைக்கு எந்த வேலை இருந்தாலும் ஒரு காலையை ஒதுக்கிவையுங்கள். தொலைநோக்கி இல்லையே என்று நிற்க வேண்டாம். பாளையங்கோட்டைப் பக்கம் வந்தால் என்னுடையதைத் தருகிறேன். முதலில் மடைப்பக்கம் திருப்புங்கள், பிறகு மெல்லச் சேற்றுக்கு வாருங்கள்.